தொழில் தொடங்கும் முன் முன்மாதிரி செய்யச் சொல்கிறார்களே, அது என்ன, எதற்கு?

முன்மாதிரி என்பது, விற்பனையில் இறங்கும் முன் வாங்கப் போகிறவர் கையில் கொடுத்துப் பார்க்க நாம் செய்யும் முதல் பொருள். திருப்பூர்க்காரர்கள் இதைத்தான் சாம்பிள் என்பார்கள். பையர், அதாவது ஆர்டர் கொடுத்து வாங்குபவர், சாம்பிளைப் பார்த்துச் சரி என்ற பிறகே துணியை மொத்தமாக வெட்டுவார்கள். வெட்டிய துணியைத் திரும்ப ஒட்ட முடியாதே!

நமக்குச் சரியாகப் படுவது வாங்குபவருக்கும் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. குறைந்த விலையில் மாதவிடாய் நாப்கின் செய்ய முயன்ற கோவை அருணாசலம் முருகானந்தம் முதலில் பஞ்சில்தான் செய்தார். அவர் மனைவிக்கே அது சரிப்படவில்லை. அப்புறம் சோதித்துச் சொல்ல ஆள் கிடைக்காமல், கால்பந்தின் உள்ளே இருக்கும் ரப்பர் பையில் ஆட்டு ரத்தம் நிரப்பித் தானே கட்டிக்கொண்டு நடந்தார். கம்பெனி நாப்கினில் இருப்பது பஞ்சல்ல, மரக்கூழ் நார் என்று தெரியவே இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. எடுத்த எடுப்பிலேயே கடன் வாங்கி மெஷின் போட்டிருந்தால், யாருக்கும் உதவாத பஞ்சு நாப்கின்தான் மலையாகக் குவிந்திருக்கும். 2016இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. விடாமுயற்சிக்காக அவரைப் பாராட்டுகிறோம். என்னைக் கேட்டால், முதலில் சோதனை, பிறகு மெஷின் என்று அவர் போன இந்த வரிசையைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

முன்மாதிரிக்கே லட்சக்கணக்கில் செலவாகும் என்று பலர் தயங்குகிறார்கள். அவருடைய முதல் முன்மாதிரி கையால் செய்த சாதாரணப் பஞ்சு நாப்கின்தான்.