அதிகாரி மனசு வைத்தால்தான் விசாவா?

டெக்சாஸில் இருக்கும் மகனைப் பார்க்க நானும் வீட்டுக்காரரும் சென்னை தூதரகத்துக்குப் போனோம். பட்டா, வீட்டுப் பத்திரம், பென்ஷன் புத்தகம் என்று பை நிறைய எடுத்துப் போனோம். ஒன்றையும் கேட்காமல் இரண்டே நிமிடத்தில் மறுத்துவிட்டார்கள். இது நியாயமா?
*வாசகி, மேலூர்*

கோபம் புரிகிறது அம்மா. அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் 214(பி) பிரிவு தொடங்குவதே சந்தேகத்தில்தான். சுற்றுலா விசா கேட்கிறவர் அங்கேயே தங்கிவிடுவார் என்றுதான் முதலில் எடுத்துக்கொள்வார்கள். திரும்பி வருவேன் என்று அதிகாரியை நம்ப வைப்பது உங்கள் பொறுப்பு. அதற்கு எத்தனை ஏக்கர் வேண்டும், எவ்வளவு பென்ஷன் வேண்டும் என்று சட்டத்தில் கணக்கு எதுவும் இல்லை. அந்த இடைவெளியில்தான் அதிகாரியின் சொந்தத் தீர்மானம் வருகிறது.

அவர் பெரும்பாலும் பார்ப்பது டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவத்தையும் உங்கள் வாய்ப் பதிலையும்தான். "எவ்வளவு நாள் இருப்பீர்கள்?" என்றால், "மகன் எப்போது அனுப்புகிறானோ அப்போது" என்று பாசத்தில் சொல்கிற பெற்றோர் நம்மூரில் நிறைய. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அது வேறு மாதிரி காதில் விழும். "ஆறு வாரம். அறுவடைக்குள் வந்துவிடுவோம், வயலை நாங்கள்தான் பார்க்கிறோம்" என்பது உண்மையானால், அதை அப்படியே சொல்லுங்கள்.

மேல்முறையீடு கிடையாது. மறுபடி பணம் கட்டி விண்ணப்பிக்கலாம். வேறு அதிகாரி வந்தால் கிடைக்கும் என்பார்கள். சிலருக்குக் கிடைத்தும் இருக்கிறது. ஆனால் பழைய மறுப்பு புது அதிகாரியின் திரையிலும் தெரியும். நிலைமை எதுவும் மாறாமல் அடுத்த மாதமே போய் நிற்காதீர்கள்.

கனடாவில் ஒரே கல்லூரி, ஒரே படிப்பு. நண்பனுக்கு ஸ்டடி பர்மிட் வந்தது, எனக்கு வரவில்லை. வழக்குப் போடலாமா?
*வாசகர், அண்ணா நகர், மதுரை*

போடலாம் தம்பி. அங்கே அதிகாரிக்குக் கடிவாளம் உண்டு. வெளிநாட்டில் எடுத்த முடிவு என்றால் 60 நாளுக்குள் ஃபெடரல் நீதிமன்றத்தை அணுக வேண்டும். நீதிபதி பர்மிட் தர மாட்டார். அதிகாரி சொன்ன காரணம் உங்கள் ஆவணங்களோடு ஒட்டுகிறதா என்று பார்ப்பார். ஒட்டாவிட்டால் பொதுவாக வேறு அதிகாரியிடம் திருப்பி அனுப்புவார். நண்பனுக்குக் கிடைத்தது என்பது வாதமாகாது. முதலில் உங்கள் கோப்பில் அதிகாரி எழுதிய குறிப்பை வாங்கிப் படியுங்கள். வக்கீல் ஃபீஸ் அப்புறம்.

"உள்ளே ஆள் இருக்கிறார்" என்கிறார் ஏஜென்ட். நம்பலாமா?
*வாசகர், உசிலம்பட்டி*

வேண்டாம். அவர் சொருகும் போலிக் காகிதத்துக்கும் நீங்கள்தான் பொறுப்பு. பொய்த் தகவலுக்குக் கனடாவில் 5 ஆண்டுத் தடை, பிரிட்டனில் 10 ஆண்டு வரை.

ஏலச்சீட்டு எடுத்த 8 லட்சம் போன மாதம்தான் கணக்கில் விழுந்தது. பிரிட்டன் விசிட் விசாவுக்குச் சிக்கலா?
*வாசகர், திருமங்கலம்*

தொகையைவிட அது எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. விசிட் விசாவில் பெரும்பாலும் நேர்காணல் இருக்காது, காகிதம்தான் பேசும். பதிவான சீட்டு நிறுவனம் என்றால் பாஸ்புக்கையும் பணம் பெற்ற ரசீதையும் இணைத்து, விளக்கக் கடிதத்தில் இரண்டு வரி எழுதுங்கள். தெருவில் பத்துப் பேர் சேர்ந்து போடும் சீட்டு என்றால் காட்ட ஒன்றும் இருக்காது. அப்போது அந்த 8 லட்சத்தை நம்பாமல், மாதா மாதம் வரும் வருமானத்துக்கு ஏற்ற சின்னப் பயணமாகத் திட்டமிடுங்கள்.