சுற்றழுத்த நீர்மூழ்கியில் மிதப்பும் பேலஸ்டும்: கேள்வி பதில்

சொந்தப் பட்டறையில் ஒருவரோ இருவரோ அமரும் சிறு நீர்மூழ்கி கட்டுபவர்கள் கேட்ட கேள்விகளில், மிதப்பையும் பேலஸ்டையும் (படகை மூழ்கவைக்கச் சேர்க்கும் எடை) பற்றியவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். எல்லாமே சுற்றழுத்த வகை. அதாவது கேபினின் அடிப்பக்கம் திறந்திருக்கும், உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம் வெளியே உள்ள நீரின் அழுத்தத்தோடு சமமாக இருக்கும்.

கேள்வி: என் கேபினின் கொள்ளளவு 800 லிட்டர். அதை மூழ்கவைக்க எவ்வளவு எடை வேண்டும்? கான்கிரீட் ஊற்றினால் போதுமா?

நன்னீரில் 800 லிட்டர் இடத்தை அடைத்தால் 800 கிலோ மேல்நோக்கித் தள்ளும். இதில் உள்ளே உட்காருபவர்களின் எடை, உடற்பகுதி, மோட்டார், பேட்டரி எல்லாவற்றின் நீருக்குள்ளான எடையையும் கழியுங்கள். மீதிதான் பேலஸ்ட். அது 600 கிலோ என்று வைத்துக்கொள்வோம்.

இங்கேதான் பலர் கணக்கைத் தவறவிடுகிறார்கள். பேலஸ்டும் நீரில் எடை குறையும். 10 கிலோ ஈயம் நீருக்குள் சுமார் 9.1 கிலோ, இரும்பு 8.7 கிலோ, கான்கிரீட் 5.8 கிலோதான். ஆகவே 600 கிலோ கீழ்நோக்கிய இழுப்புக்கு ஈயம் 660 கிலோ போதும். கான்கிரீட் என்றால் 1,030 கிலோ வேண்டும், அது 430 லிட்டர் இடத்தையும் பிடிக்கும். கரையில் தூக்குவதற்கும் நீரில் திருப்புவதற்கும் அந்தக் கூடுதல் எடை முழுவதும் உங்கள் தலையில்தான். இடம் தாராளமாக இருந்தால் கான்கிரீட், இல்லையென்றால் ஈயம்.

கேள்வி: அண்ணா, பேலஸ்ட் டேங்கில் பாதி காற்று விட்டு 5 மீட்டரில் சமநிலைக்குக் கொண்டுவந்தேன். கொஞ்சம் இறங்கினால் இறங்கிக்கொண்டே போகிறது, கொஞ்சம் ஏறினால் மேலே வந்துதான் நிற்கிறது. வால்வில் கோளாறா?

வால்வில் ஒன்றுமில்லை தம்பி. அரைகுறையாக நிரம்பிய, அடி திறந்த டேங்க் அப்படித்தான் நடந்துகொள்ளும். அதை எந்த வால்வாலும் சரிசெய்ய முடியாது.

நீர்மட்டத்தில் காற்றின் அழுத்தம் சுமார் 1 பார், கீழே ஒவ்வொரு 10 மீட்டருக்கும் இன்னொரு பார் கூடும். ஆகவே 5 மீட்டரில் மொத்த அழுத்தம் 1.5 பார். அங்கே டேங்கில் 100 லிட்டர் காற்று இருந்தால், 10 மீட்டரில் (2 பார்) அது 75 லிட்டராகச் சுருங்கும், படகு 25 கிலோ கனத்துவிடும். கனத்தால் இன்னும் இறங்கும், இறங்கினால் இன்னும் சுருங்கும். 2.5 மீட்டருக்கு ஏறினால் அதே காற்று 120 லிட்டராக விரியும், 20 கிலோ லேசாகும். சமநிலை என்று நீங்கள் கண்டது ஒரே ஒரு ஆழத்தில் மட்டும் உண்மை, அங்கேயும் நிலைக்காது. காற்றை விட்டும் பிடித்தும் துரத்திக்கொண்டே இருந்தால் சிலிண்டர் காலியாகும், ஆழம் கைக்கு வராது.

நான் எல்லோரிடமும் சொல்வது ஒன்றுதான்: படகில் அடி திறந்த எந்தக் காற்றுவெளியும் பாதியில் நிற்கக் கூடாது. அடி திறந்த டேங்க் நீர்மட்டத்தில் மிதப்பதற்கு மட்டுமே. படகு மேலே மிதக்கும்போது அதில் முழுக்கக் காற்று, மூழ்கியபின் முழுக்கத் தண்ணீர். நுண்ணிய சரிக்கட்டலுக்கு, அழுத்தத்தால் நசுங்காத மூடிய டேங்க் ஒன்று, 20 முதல் 30 லிட்டர் போதும். அதில் தண்ணீரை ஏற்றியும் பம்பால் வெளியேற்றியும் எடையை மாற்றுங்கள். 20 மீட்டரில் அந்த டேங்கின் ஒவ்வொரு சதுர மீட்டர் மீதும் வெளியிலிருந்து 20 டன் அழுத்தும். உள்ளழுத்தத்துக்கென்று செய்த கலம் வெளியழுத்தத்தையும் தாங்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

படகை ஐந்தாறு கிலோ லேசாகவே வைத்து, செங்குத்து த்ரஸ்டரால் (மேலும் கீழும் தள்ளும் மின்விசிறி போன்ற உந்தி) கீழே அழுத்தி ஓட்டுவது எனக்குப் பிடித்த முறை. மின்சாரம் நின்றால் படகு தானாக மெல்ல மேலே வரும்.

கேள்வி: அப்படியானால் கேபினே ஒரு பெரிய திறந்த டேங்க்தானே? அதில் இந்தப் பிரச்சினை வராதா?

வரும், டேங்கைவிடப் பெரிதாக. இந்தக் கேள்வியைக் கேட்காமல் யாரும் படகு கட்டக் கூடாது.

வழி இதுதான்: கேபினை எப்போதும் ததும்பும் நிலையில் வைத்திருங்கள். இறங்கும்போது காற்றை விட்டுக்கொண்டே இருந்தால், அடி விளிம்பிலிருந்து குமிழிகள் தொடர்ந்து வெளியேறும். ஏறும்போது விரியும் காற்றும் அதே விளிம்பு வழியே தானே வழிந்துவிடும். கொள்ளளவு மாறாது, மிதப்பும் மாறாது. வானியலாளர் எட்மண்ட் ஹாலி 1691இல் தன் மூழ்குமணிக்குள் (ஆள் உட்கார்ந்து இறங்கும், அடி திறந்த மணி வடிவக் கலம்) பீப்பாய்களில் காற்றை இறக்கி நீர்மட்டத்தைக் கீழே தள்ளியதும் இதே வழியில்தான்.

விலை காற்று. 800 லிட்டர் கேபினை 10 மீட்டருக்குக் கொண்டுபோக மேல்மட்ட அழுத்தத்தில் அளந்தால் இன்னொரு 800 லிட்டர் காற்று வேண்டும், 20 மீட்டருக்கு 1,600. 200 பார் நிரப்பிய 12 லிட்டர் சிலிண்டரில் இருப்பது ஏறத்தாழ 2,400 லிட்டர்தான். சுவாசத்துக்கும் கரியமில வாயுவை வெளியேற்றுவதற்கும் வேண்டியது தனிக் கணக்கு.

இறங்கும் வேகமும் இதிலிருந்தே வருகிறது. சிலிண்டரின் காற்றழுத்தத்தைக் குறைத்து விடும் உங்கள் ரெகுலேட்டர் நிமிடத்துக்கு, மேல்மட்ட அளவில், 200 லிட்டர் தந்தால், நிமிடத்துக்கு 2.5 மீட்டருக்கு மேல் இறங்காதீர்கள். அதற்கு மேல் போனால் உள்ளே நீர் ஏறும், படகு கனக்கும், வேகம் இன்னும் கூடும். முன்கேள்வியில் பார்த்த அதே சுழல், இந்த முறை உங்களைச் சுற்றி.

கேள்வி: உள்ளும் புறமும் ஒரே அழுத்தம் என்றால் மேலே உள்ள அக்ரிலிக் குமிழ்மூடிக்கு வலு தேவையில்லைதானே?

தேவை. சமமாக இருப்பது காற்றும் நீரும் சந்திக்கும் மட்டத்தில் மட்டும். அதற்கு 1 மீட்டர் மேலே வெளிநீரின் அழுத்தம் 0.1 பார் குறைவு, உள்ளே காற்றில் அது குறையவில்லை. எனவே மூடி உள்ளிருந்து வெளியே தள்ளப்படுகிறது, சதுர மீட்டருக்கு 1 டன். கேபினின் மிதப்பு முழுவதும் அந்த மூடியையும் கூரையையும்தான் மேலே தூக்குகிறது, ஈயமோ அடியில் தொங்குகிறது. இரண்டையும் இணைக்கும் சட்டமும் போல்ட்டும் அந்த முழு இழுவிசையைத் தாங்க வேண்டும். மூடியை வெறும் பசையில் நிறுத்தாதீர்கள்.

கேள்வி: ஏரியில் சரியாக ட்ரிம் செய்த (எடையும் மிதப்பும் சமமாகச் சரிக்கட்டிய) படகைக் கடலில் விட்டால்?

மேலே நின்றுவிடும். கடல்நீர் சுமார் 2.5 விழுக்காடு அடர்த்தி கூடியது. மொத்தம் 1,200 லிட்டர் நீரை விலக்கும் படகுக்கு 30 கிலோ கூடுதல் பேலஸ்ட் வேண்டும்.

கேள்வி: பேலஸ்ட்டைக் கழற்றிவிட்டால் மேலே வந்துவிடலாம். அவசரத்தில் கழற்றிவிடும் சுமை எவ்வளவு வைக்கலாம் சார்?

மோசமான நிலையைக் கணக்கிடுங்கள். மூடிய 30 லிட்டர் டேங்க் முழுதாக நிரம்பிவிட்டது. 0.8 சதுர மீட்டர் தளத்தில் நீர் 10 செ.மீ. ஏறிவிட்டது, அது 80 லிட்டர். ஆக 110 கிலோ. நீருக்குள் அதைவிடக் கூடுதலாக இருக்கும் சுமை, கையால் இழுக்கும் கொக்கியில், மின்சாரம் இல்லாமலும் படகு சாய்ந்திருக்கும்போதும் கழல வேண்டும். பாதி மட்டும் கழன்று ஒரு பக்கம் சாய்க்காதபடி, நடுக்கோட்டில் வையுங்கள்.

ஆனால் கழற்றுவது கடைசி வழி. நீங்கள் அழுத்தக் காற்றைச் சுவாசிக்கிறீர்கள். நிரம்பிய நுரையீரலோடு மூச்சை அடக்கி ஒன்றேகால் மீட்டர் ஏறினாலே நுரையீரல் கிழியலாம். சாதாரண ஏற்றத்துக்கு நிமிடத்துக்கு 9 மீட்டர் என்பது ஸ்கூபாவின் வழக்கமான வரம்பு, கழற்றிய படகு அதை மதிக்காது. எனவே ஸ்கூபா பயிற்சி பெறாத யாரையும் ஏற்றாதீர்கள். நிதானம் இருக்கும்வரை தனிச் சிலிண்டரை எடுத்துக்கொண்டு அடிவழியே வெளியேறுவதே நல்லது. இந்த வகைப் படகில் அது எப்போதும் திறந்திருக்கிறது.

கேள்வி: திரும்பும்போது படகு பக்கவாட்டில் ஆடுகிறது.

ஈயத்தை இன்னும் கீழே இறக்குங்கள். நிமிர்த்தும் விசையைத் தீர்மானிப்பது மிதப்பு மையத்துக்கும் எடை மையத்துக்கும் இடையிலான உயரம். பாதி நிரம்பிய டேங்கில் நீர் ஒரு பக்கமாக ஓடி அந்த உயரத்தைத் தின்றுவிடும், அது அப்படி ஓடாதபடி உள்ளே தடுப்பு வையுங்கள். இன்னொன்று, சாய்ந்தால் உயர்ந்த விளிம்பு வழியே கேபின் காற்று கொட்டும். விளிம்பை 15, 20 செ.மீ. கீழே நீட்டினால் அதற்கு இடம் கிடைக்கும்.

கேள்வி: மிச்ச மிதப்புக்குச் சாதாரண ஃபோம் பலகை ஒட்டலாமா?

மென்மையான ஃபோம் ஆழத்தில் சுருங்கும், அங்கேயும் மிதப்பு கைவிடும். ஆழத்துக்கென்று செய்த கெட்டி ஃபோம் வாங்குங்கள். முடியாவிட்டால் ஒரு துண்டைக் கயிற்றில் கட்டி, அடியில் தராசோடு இறக்கி, நீங்கள் போகும் ஆழத்தில் ஒருநாள் வைத்துப் பாருங்கள். தூக்கும் விசை குறைந்தால் அது வேண்டாம்.