பரனால் மலைக்குப் போகலாமா?

கேள்வி: மகள் சிலி நாட்டின் சாந்தியாகோவில் வேலை பார்க்கிறாள். ஜூலையில் அவளிடம் போகிறேன். அட்டகாமா பாலைவனத்தில் இருக்கும் பரனால் தொலைநோக்கியில் ஒரு தடவையாவது கண்ணை வைத்துப் பார்த்துவிட ஆசை. நடக்குமா?
- ஓய்வுபெற்ற ஆசிரியை, கோவில்பட்டி

பதில்: அவசியம் போய் வாருங்கள் அம்மா. ஆனால் கண்ணை வைத்துப் பார்க்க வழியில்லை. அங்குள்ள விஞ்ஞானிகளே அப்படிப் பார்ப்பதில்லை. கட்டுப்பாட்டு அறையில் கணினித் திரைகளுக்கு முன்னால்தான் இரவைக் கழிக்கிறார்கள். பொதுமக்களுக்குச் சனிக்கிழமை பகலில் அனுமதி உண்டு. கட்டணம் கிடையாது. பரனாலை நடத்தும் ஐரோப்பிய தெற்கு ஆய்வகத்தின் இணையதளத்தில் முன்பதிவு அவசியம். விமான டிக்கெட் எடுக்கும் முன்பே மகளைப் பதிவு செய்யச் சொல்லிவிடுங்கள்.

பகலில் போய் என்ன பார்ப்பது என்று விட்டுவிடாதீர்கள். நான் போனபோது வெளியே வெயில் கண்ணைக் கூசியது. தொலைநோக்கிக் கூடத்துக்குள் கால் வைத்ததும் குளிர் சட்டென்று ஏறியது. அன்றிரவு வெளியே என்ன குளிர் இருக்குமோ அந்த அளவுக்குப் பகலிலேயே உள்ளே குளிர்வித்து வைக்கிறார்கள். இல்லையென்றால் கூரையைத் திறந்ததும் சூடான காற்று மேலெழுந்து நட்சத்திரத்தின் உருவத்தைக் கலைத்துவிடும். பிரதானக் கண்ணாடியின் அகலம் 8.2 மீட்டர், கனமோ 18 சென்டிமீட்டருக்கும் குறைவு. தன் எடையிலேயே அது வளையும். பின்னாலிருந்து 150 தாங்கிகள் அதைத் தள்ளியும் தளர்த்தியும் வடிவம் மாறாமல் காக்கின்றன. அதன் முன்னால் நின்றபோது எனக்குப் பேச்சே வரவில்லை.

இப்படிப்பட்ட தொலைநோக்கிகள் மொத்தம் நான்கு. அன்டு, குயேயென், மெலிபால், யெபுன் என்று மாபுச்சே பழங்குடியினரின் மொழியில் பெயர்கள்: சூரியன், நிலா, தென்சிலுவை, வெள்ளி. கட்டுரைப் போட்டியில் இவற்றைச் சொன்னவள் சிலியின் பள்ளி மாணவி ஒருத்தி. ஆசிரியை என்பதால் உங்களுக்கு இது பிடிக்கும்.

சாந்தியாகோவிலிருந்து அன்டோஃபகாஸ்டாவுக்கு விமானம். அங்கிருந்து காரில் சுமார் இரண்டு மணி நேரம். பஸ் கிடையாது. கிளம்பும்போதே பெட்ரோலை நிரப்பிக்கொள்ளுங்கள். உயரம் 2,635 மீட்டர். காற்றில் ஈரமே இருக்காது, உதடு வெடிக்கும். தண்ணீர், வாஸ்லின், கறுப்புக் கண்ணாடி, ஸ்வெட்டர் நான்கும் கையில் இருக்கட்டும்.

சரி, நட்சத்திரம்? அதற்கு வடக்கே சான் பெட்ரோ தே அட்டகாமா ஊருக்குப் போங்கள். சிறிய தொலைநோக்கிகளை வைத்து இரவில் வானம் காட்டுபவர்கள் இருக்கிறார்கள். அங்கே உங்கள் ஆசைப்படியே கண்ணை வைத்துப் பார்க்கலாம். ஜூலையில் பால்வீதியின் மையம் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேராக வரும். அந்த மையத்தில் நம் சூரியனைப்போல் 40 லட்சம் மடங்கு நிறையுள்ள கருந்துளை இருக்கிறது. அதைச் சுற்றும் நட்சத்திரங்களைப் பரனாலிலிருந்து ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ரைன்ஹார்ட் கென்ஸலுக்கு 2020இல் நோபல் கிடைத்தது. அமாவாசையை ஒட்டிய நாட்களாகப் பாருங்கள். பௌர்ணமியில் போனால் பால்வீதி மங்கிவிடும்.