டாக்கா, காட்மாண்டு, கொழும்பு: அங்கே இளைஞர்கள் கேட்கும் பொருளாதாரம் எது? (கேள்வி பதில்)

கே (கல்லூரி மாணவி, கோவை): அவர்களுக்கு வேண்டியது முதலாளித்துவமா, சோசலிசமா?

ப: வங்கதேசம், நேபாளம், இலங்கை மூன்றிலும் போராடி ஆட்சியையே கவிழ்த்தார்களே, அப்படித் தெருவுக்கு வந்தவர்கள் அந்தப் பெயர்களைச் சொல்லிச் சண்டை போடவில்லை. சிபாரிசும் லஞ்சமும் இல்லாமல் வேலை கிடைக்கணும், ஆட்சியில் இருப்பவர்கள் திருடக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் மூன்று நாட்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள்.

கே (பனியன் கம்பெனி வைத்திருப்பவர், திருப்பூர்): நம் ஆர்டரையெல்லாம் பிடித்த வங்கதேசத்தில் வேலைக்கா பஞ்சம்?

ப: பஞ்சம் படித்தவர்களுக்கு. ஏற்றுமதியில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஆயத்த ஆடைதான், அங்கே குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2023 டிசம்பரிலிருந்து 12,500 டக்கா. பட்டதாரிக்கு ஏற்ற வேலை அந்த அளவுக்குப் பெருகவில்லை. இன்னொரு பக்கம் 2015-இல் அரசு ஊழியர்களின் அடிப்படைச் சம்பளத்தைக் கிட்டத்தட்ட இரட்டிப்பாக்கினார்கள். கடைநிலை ஊழியருக்கு 4,100 டக்கா 8,250 ஆனது, கூடவே ஓய்வூதியம், நாளைக்கு வேலை போய்விடுமோ என்ற பயமும் இல்லை. அந்த வாசலில்தான் 56 சதவீதம் ஒதுக்கீடு, அதில் 30 விடுதலைப் போராட்ட வீரர் குடும்பங்களுக்கு. 2018-இல் நீக்கியதை 2024 ஜூனில் உயர் நீதிமன்றம் திரும்பக் கொண்டுவந்தது. அதை எதிர்த்து மாணவர் போராட்டம் வெடித்தது, ஆகஸ்ட் 5 அன்று பிரதமர் ஷேக் ஹசீனா நாட்டை விட்டே போனார்.

கே (தொழில்முனைவர், சென்னை): அரசு வேலைக்கு அலைவது சோம்பேறித்தனம். சொந்தத் தொழில் தொடங்க வேண்டியதுதானே?

ப: இல்லவே இல்லை. ஈடு வைக்கச் சொத்தில்லாதவனுக்கு வங்கி கடன் தராது, தெரிந்த ஆள் இல்லாமல் உரிமம் நகராது. அப்படி ஒரு நாட்டில், கஷ்டப்பட்டுப் படித்தால் பரீட்சை வழியாவது நுழையலாம் என்று நினைப்பது சோம்பேறித்தனமா?

கே (அவரே): நான் கையில் காசில்லாமல்தான் தொடங்கினேன்.

ப: சந்தோஷம். ஒருவர் ஜெயித்ததை வைத்துத் தோற்றவர்களை எல்லாம் திட்டாதீர்கள்.

கே (மதுரை): அப்படியானால் இட ஒதுக்கீடே தப்பு என்றுதானே போராடினார்கள்?

ப: மாணவர்கள் கேட்டது சீர்திருத்தம். 2024 ஜூலை 21 அன்று அங்கே உச்ச நீதிமன்றம் அந்த 56-இல் 7 சதவீத ஒதுக்கீட்டை மட்டும் வைத்தது, பெண்களுக்கு இருந்த 10 சதவீதம் போய்விட்டது. எனக்கு அதில் வருத்தம்தான். சாதி ஒடுக்குமுறைக்கு ஈடாக வந்த நம் ஒதுக்கீட்டோடு இதை முடிச்சுப் போடாதீர்கள்.

கே (மூன்று பேர்): எல்லாம் வெளிநாட்டுச் சதிதானே?

ப: வேலையில்லாத பிள்ளையின் கோபத்துக்குச் சதி தேவையில்லை. இனி இந்தக் கேள்விக்குப் பதில் எழுத மாட்டேன்.

கே (சேலம்): சமூக ஊடகத் தடைக்காகவா நேபாளத்தில் ஆட்சி கவிழ்ந்தது?

ப: தடை 2025 செப்டம்பர் 4-இல் வந்தது. தலைவர்களின் பிள்ளைகள் சொகுசாகத் திரியும் படங்கள் அதற்கு முன்பே சுற்றிக்கொண்டிருந்தன. அங்கே ஜிடிபியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சமமான பணம், வெளிநாட்டில் உழைப்பவர்கள் வீட்டுக்கு அனுப்புவது. அந்தப் பிள்ளைகள் கேட்பது ஊரிலேயே பிழைக்க ஒரு வழி. டாக்காவின் கோபத்தை இதற்குப் பொருத்தாதீர்கள் என்று அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

கே (ஈரோடு): பிட்காயின் வாங்கலாமா?

ப: முதலீடு தெரிந்தவரிடம் கேளுங்கள்.

கே (யாழ்ப்பாணம்): 2022 போராட்டம் நடந்த கொழும்பு காலிமுகத்திடலில் எங்கட பெடியள் ஏன் பெரிதாக இல்லை?

ப: 2022-இல் தென்னிலங்கை எரிவாயுவுக்கும் பெட்ரோலுக்கும் வரிசையில் நின்றது. போர்க்காலப் பொருளாதாரத் தடைக்குள் மண்ணெண்ணெய்க்கும் மருந்துக்கும் அலைந்த வடக்குக்கு அது புதிதில்லை என்பது உங்களுக்கே தெரியும். நல்ல பொருளாதாரம் என்று அங்கே கேட்டால், இராணுவம் பிடித்து வைத்திருக்கும் காணி முதலில் திரும்பி வரட்டும் என்பார்கள். அந்தக் கோரிக்கைக்கு காலிமுகத்திடல் மேடையில் உரிய இடம் கிடைக்கவில்லை.