பழைய கேசட்டுக்குள் இருக்கும் கடிதம்: மாற்றித் தருகிறேன் என்பவரிடம் அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள்

கேள்வி: நான் லண்டன் ஹாரோவில் வளர்ந்தவள். 1997, 98 வாக்கில் டிவியில் டெலிடெக்ஸ்ட் என்று ஒரு சேவை வந்தது, ரிமோட்டில் டெக்ஸ்ட் பட்டனை அழுத்தினால் செய்தி, வானிலை எல்லாம் எழுத்துப் பக்கங்களாகத் திரையில் வரும். அதன் வாசகர் கடிதப் பக்கங்களுக்குப் புனைபெயரில் எழுதுவேன். சில கடிதங்கள் வெளிவந்தன. இப்போது அம்மாவின் வீட்டைக் காலி செய்கிறோம். பெட்டி பெட்டியாக வீடியோ கேசட்டுகள் கிடக்கின்றன. டிவியிலிருந்து பதிந்த கேசட்டுக்குள் அந்தப் பக்கங்களும் இருக்கும் என்கிறான் தம்பி. உண்மையா? பக்கத்துக் கடைக்காரர் எல்லாவற்றையும் பென் டிரைவில் ஏற்றித் தந்து, கேசட்டுகளைத் தானே அப்புறப்படுத்திவிடுவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: தம்பி சொல்வது உண்மை. கடைக்காரரிடம் கொடுக்காதீர்கள். வேறெதுவும் படிக்க நேரமில்லை என்றாலும் இந்த இரண்டை மட்டும் மனதில் வையுங்கள்.

பிரிட்டனின் அன்றைய டிவிப் படம் 625 கோடுகளால் ஆனது. அதில் 576 கோடுகள்தான் திரையில் தெரியும். திரைக்கு மேலே மறைந்துபோகும் கோடுகள் சிலவற்றில்தான் டெலிடெக்ஸ்ட் பக்கங்களை எழுத்தாக ஏற்றி அனுப்பினார்கள். வீடியோ ரெக்கார்டர் படத்தைப் பதியும்போது அந்தக் கோடுகளையும் சேர்த்தே பதிந்துவிடும். நீங்கள் ராத்திரி ஒரு சினிமாவைப் பதிந்திருந்தால், அந்த நேரத்தில் அந்தச் சேனலில் சுற்றிக்கொண்டிருந்த செய்தி, வானிலை, விடுமுறை விளம்பரம், வாசகர் கடிதம் எல்லாமே அந்த நாடாவில் ஏறியிருக்கும்.

ஆனால் வீடுகளில் இருந்த வழக்கமான கேசட் வகையான வி.எச்.எஸ். நாடா மங்கலானது. டெலிடெக்ஸ்ட் நொடிக்கு சுமார் 69 லட்சம் பிட் வேகத்தில் ஓடும் தரவு. அந்த வேகத்தைக் கூர்மையாகப் பிடிக்கும் திறன் நாடாவுக்குக் கிடையாது. அதனால் கேசட்டை ஓட்டிவிட்டு டெக்ஸ்ட் பட்டனை அழுத்தினால் பழைய டிவியில் குப்பை எழுத்துகள்தான் வரும். ‘ஒன்றுமில்லை’ என்று பலர் கேசட்டைத் தூக்கி எறிவது இந்த இடத்தில்தான். குப்பையாக ஏதாவது வந்தாலே உள்ளே சரக்கு இருக்கிறது என்று பொருள்.

அந்தக் குப்பையைப் படிக்கக்கூடியதாக மாற்ற, பிரிட்டனின் ஆர்வலர்கள் ஒரு மென்பொருளை உருவாக்கி இலவசமாகவே வெளியிட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு எழுத்தும் மங்கினால் எப்படித் தெரியும் என்று அதற்குத் தெரியும். மங்கலான சமிக்ஞையை அதோடு ஒப்பிட்டு, எது பொருந்துகிறதோ அதை எடுக்கும். ஒரே பக்கம் திரும்பத் திரும்ப ஒளிபரப்பாகும் என்பதால் பல பிரதிகளைச் சேர்த்துப் பார்த்துப் பெரும்பான்மைக்கு வரும் எழுத்தை வைத்துக்கொள்ளும். எனவே நீளமான பதிவுதான் உங்களுக்கு வேண்டியது. மூன்று மணி நேரக் கேசட் தங்கம். இரண்டு நிமிடத் துண்டில் பெரிதாக எதுவும் தேறாது. அதுவும் கடிதப் பக்கம் பெரும்பாலும் பல உட்பக்கங்களாக மாறி மாறி வரும். ஒரு உட்பக்கம் திரும்பி வர நேரம் பிடிக்கும்.

இப்போது கடைக்காரர் விஷயம். ‘டிஜிட்டலாக மாற்றுகிறேன்’ என்பவர்களில் கிட்டத்தட்ட எல்லோரும் ஒரு சின்ன யு.எஸ்.பி. கருவியை வைத்துத்தான் வேலை பார்க்கிறார்கள். அது திரையில் தெரியும் 576 கோடுகளை மட்டும் எடுக்கும். உங்கள் கடிதம் இருக்கும் கோடுகளை அங்கேயே வெட்டி எறிந்துவிடும். கையில் வரும் கோப்பில் சினிமா இருக்கும், கடிதம் இருக்காது. பிறகு எந்த நிபுணரிடம் அந்தக் கோப்பைக் கொடுத்தாலும் பயனில்லை. இதற்கு மேல் கேசட்டையும் அவரே ‘அப்புறப்படுத்தி’விட்டால் கதை முடிந்தது. பணம் வாங்கிக்கொண்டு ஒரே பிரதியை அழித்துத் தருவதற்குப் பெயர் சேவையா? இதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. நல்ல குடும்பங்கள், நல்ல எண்ணத்தோடு, இருந்த ஒன்றையும் இப்படித்தான் இழக்கிறார்கள்.

கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “படத்துக்கு மேலே மறைந்திருக்கும் டெலிடெக்ஸ்ட் கோடுகளையும் எடுப்பீர்களா?” அவர் விழித்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். “எல்லாம் எடுப்போம்” என்று வேகமாகத் தலையாட்டினால் இன்னும் எச்சரிக்கை. அதற்குப் பழைய கணினியில் செருகும் தனி அட்டை வேண்டும், லினக்ஸ் என்ற இயங்குதளம் வேண்டும், பொறுமையும் வேண்டும். அவற்றைக் காட்டச் சொல்லுங்கள்.

இன்னொரு கூட்டமும் உண்டு. ‘டெலிடெக்ஸ்ட் முழுத் தொகுப்பு, எல்லா ஆண்டுகளும்’ என்று டிஸ்க் விற்பார்கள். வாங்காதீர்கள். முழுத் தொகுப்பு என்று ஒன்று எங்குமே கிடையாது. மீட்கப்பட்ட பக்கங்களை மீட்டவர்கள் இலவசமாகவே பகிர்கிறார்கள். அதை நகலெடுத்து உங்களுக்கே விற்பதுதான் இந்த வியாபாரம்.

ஏன் முழுத் தொகுப்பு இல்லை? ஏனென்றால் யாரும் வைத்துக்கொள்ளவில்லை. ஒரு பக்கம் புதுப்பிக்கப்பட்டதும் பழையது போய்விடும். பிபிசியின் டெலிடெக்ஸ்ட் சேவையான சீஃபாக்ஸ் 1974 செப்டம்பரில் தொடங்கி 2012 அக்டோபரில் நின்றது. நீங்கள் எழுதியது டெலிடெக்ஸ்ட் என்ற அதே பெயரிலேயே இருந்த நிறுவனத்துக்கு. அது 1993 ஜனவரியில், ஆரக்கிள் என்ற முந்தைய சேவையின் இடத்துக்கு வந்தது, 2009 டிசம்பரில் செய்தி, இதழ்ப் பக்கங்களை மூடியது. அச்சடித்த ஒரு துண்டுப் பிரசுரத்தைக்கூட வாங்கி வைக்கச் சட்டம் வைத்திருந்த நாடு, மின்வடிவ வெளியீடுகளைச் சேகரிக்க 2003-ல் ஒரு சட்டம் போட்டது. விதிகள் நடைமுறைக்கு வந்தது 2013 ஏப்ரலில்! பத்து வருடம் கோப்பு நகர்ந்துகொண்டிருந்தபோது இந்த இரண்டு சேவைகளும் செத்தே போயின. பொதுமக்கள் எழுதியதைக் காப்பது பொதுமக்களின் அலமாரிக்கே விடப்பட்டது. உங்கள் அம்மா கேசட்டுகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தாரே, அதற்காக அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

சரி, எந்தக் கேசட்டைத் தேடுவது? டெலிடெக்ஸ்ட் நிறுவனத்தின் பக்கங்கள் ஐடிவியிலும் சானல் 4-லும் வந்தன. பிபிசியில் பதிந்ததில் சீஃபாக்ஸ்தான் இருக்கும். உறையில் சேனல் பெயர் இல்லாவிட்டால் கவலை வேண்டாம், நடுவில் விளம்பரம் வந்தால் அது பிபிசி இல்லை. கடையில் வாங்கிய, வாடகைக்கு எடுத்த தமிழ்ப் படக் கேசட்டுகளில் இது எதுவும் இராது. லண்டன் தமிழ் வீடுகளில் பெட்டியில் பாதி அதுதான் என்பதால் முதலில் அவற்றை ஒதுக்கிவிடுங்கள். ஒரே கேசட்டில் ஒன்றின் மேல் ஒன்றாகப் பலமுறை பதிந்திருந்தால் கடைசியாகப் பதிந்தது மட்டுமே மிஞ்சும். கேசட்டிலிருந்து கேசட்டுக்கு நகலெடுத்தது, மெதுவான வேகத்தில் பதிந்தது, இவற்றில் தரம் குறையும்.

ஒரு விதிவிலக்கைப் பற்றி விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் எல்லோரும் இதில்தான் குழம்புகிறார்கள். சூப்பர் வி.எச்.எஸ். என்ற உயர்தர முறையில் பதிந்திருந்தால் டெலிடெக்ஸ்ட் கிட்டத்தட்ட முழுசாகவே நிற்கும். கேசட்டை ஓட்டி டெக்ஸ்ட் பட்டனை அழுத்தினாலே பக்கம் படிக்கும்படி வரக்கூடும். ஆனால் கேசட்டின் மேல் ‘எஸ்-வி.எச்.எஸ்.’ என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். விலை உயர்ந்த அந்தக் கேசட்டைச் சாதாரண ரெக்கார்டரில் போட்டுப் பதிந்தால் பதிவு சாதாரண வி.எச்.எஸ்.தான். கேசட், ரெக்கார்டர் இரண்டும் அந்த வகையாக இருந்து, அந்த முறையிலேயே பதிந்திருக்க வேண்டும். உங்கள் வீட்டு ரெக்கார்டர் எது என்று அம்மாவிடமோ தம்பியிடமோ கேளுங்கள். எஸ்-வி.எச்.எஸ். என்றால் அந்தக் கேசட்டுகளைத் தனியாகக் கட்டி வையுங்கள், அவைதான் முதலில் போக வேண்டும். அவற்றைச் சாதாரண பிளேயரில் போட்டுச் சோதிக்க வேண்டாம். படம் சரியாக வராது, கேசட் கெட்டுவிட்டது என்று நீங்களே முடிவு கட்டிவிடுவீர்கள்.

கடிதப் பக்கங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. டிஜிடைசர் என்ற வீடியோ கேம் இதழ் 1993 முதல் 2003 வரை டெலிடெக்ஸ்டில் ஓடியது. மிஸ்டர் பிஃபோ என்ற பெயரில் பால் ரோஸ் நடத்தினார். கடிதம் எழுதியவரைக் கிண்டலடித்து, சம்பந்தமே இல்லாத பதில் போடுவார். அதை வாங்கிக்கொள்ளவே பிள்ளைகள் எழுதினார்கள். இளையோருக்கான மெகா-சீன் பக்கத்தில் வாசகர்கள் புனைபெயரில் ஒருவரோடு ஒருவர் நாட்கணக்கில் பேசிக்கொண்டார்கள். ஒரு வரிக்கு 40 எழுத்து, பக்கத்துக்கு இருபத்துச் சொச்சம் வரி, அதற்குள் ஊரையே சிரிக்க வைக்க வேண்டும். தபாலில் போட்டுவிட்டு, வந்திருக்கிறதா என்று டிவி முன்னால் உட்கார்ந்திருந்த காலம் அது. யார் வீட்டுப் பெண், எந்த ஊர், என்ன நிறம் என்று யாரும் கேட்காமல் எழுத்தை மட்டும் பார்த்த இடம். அது அழிந்துபோகக் கூடாது என்று நான் மனதாரச் சொல்கிறேன்.

நீங்கள் செய்ய வேண்டியது: ஒவ்வொரு கேசட்டின் ஓரத்திலுள்ள சிறு பிளாஸ்டிக் தாழை உடைத்துவிடுங்கள், மேலே யாரும் பதிய முடியாது. நாடாவில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் எந்த மெஷினிலும் போடாதீர்கள், மெஷினும் மற்ற கேசட்டுகளும் சேர்ந்து கெடும். அலமாரியில் புத்தகம் வைப்பது போல நிமிர்த்தி, ஈரமில்லாத அறையில் வையுங்கள். ரொம்ப வருடம் தள்ளிப்போடவும் வேண்டாம். வீடியோ ரெக்கார்டர் செய்துகொண்டிருந்த கடைசிக் கம்பெனியும் 2016-ல் நிறுத்திவிட்டது, ஓடும் மெஷின்கள் குறைந்துகொண்டே போகின்றன. டெலிடெக்ஸ்ட் மீட்கும் ஆர்வலர்களில் ஒருவருக்கு எழுதி, சானல் 4, ஐடிவி கேசட்டுகளின் பட்டியலை அனுப்புங்கள். அசலைத் திருப்பித் தர வேண்டும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மீட்ட பக்கம் ஒவ்வொன்றின் தலைப்பு வரியிலும் தேதியும் மணியும் இருக்கும், எனவே எந்த நாள் பதிவு என்று நீங்கள் ஞாபகம் வைத்திருக்கத் தேவையில்லை. பக்கங்கள் எழுத்தாகவே கிடைப்பதால் தேடவும் முடியும். சில எழுத்துகள் சிதைந்திருக்கும். அதனால் புனைபெயரை முழுசாகத் தேடாமல் நடுவிலுள்ள மூன்று நான்கு எழுத்துகளை மட்டும் போட்டுத் தேடுங்கள்.