சதவீதத்தைப் பார்த்துப் பள்ளியை மாற்றாதீர்கள்

தேர்ச்சி 92 சதவீதத்திலிருந்து 80 ஆகச் சரிந்துவிட்டது, மகளை வேறு பள்ளிக்கு மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். இரண்டு ஆண்டும் தேர்வெழுதியவர்கள் 25 பேர்தான் என்கிறீர்கள். அப்படியானால் ஒரு மாணவர் என்பதே 4 சதவீதம். 23 பேர் 20 ஆனார்கள், மூன்றே பிள்ளைகள். ஒருவருக்குத் தேர்வு நாளில் காய்ச்சல், இன்னொருவர் ஆண்டின் நடுவில் வந்து சேர்ந்தவர் என்றாலே கணக்கு குப்புற விழுந்துவிடும். ஐந்து ஆண்டு எண்களைச் சேர்த்துப் பாருங்கள்.

ஏழைப் பிள்ளைகள் அதிகம் என்பதையும் குறையாகச் சொல்லியிருப்பது வருத்தமாக இருக்கிறது. அது கற்பித்தலின் தரத்தைக் காட்டும் எண் அல்ல. சேரும்போது எப்படி இருந்தார்கள், இப்போது எவ்வளவு தேறியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். மகளின் கணக்கு நோட்டையும் புரட்டுங்கள்: தவறான விடைக்குப் பக்கத்தில் வெறும் சிவப்புக் கோடா, அல்லது எங்கே பிசகியது என்று ஆசிரியர் எழுதியிருக்கிறாரா?