கனடா வொர்க் பெர்மிட்டில் இருந்து பி.ஆர். வரை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வொர்க் பெர்மிட்டில் கனடா போய், அங்கிருந்தபடியே பி.ஆர். (நிரந்தர வதிவிட உரிமை) வாங்க நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். கியூபெக் மாகாணத்தின் விதிகள் தனி என்பதால் அதை இங்கே தொடவில்லை. விதிகள் அடிக்கடி மாறுகின்றன. விண்ணப்பிக்கும் அன்று குடிவரவுத் துறையான ஐ.ஆர்.சி.சி.யின் தளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பி.ஆர். விண்ணப்பம் போட்டுவிட்டேன். வொர்க் பெர்மிட் இன்னும் ஏழு வாரத்தில் முடிகிறது. விண்ணப்பம் நிலுவையில் இருந்தால் வேலையைத் தொடரலாம் என்று அறை நண்பர் சொல்கிறார். சரிதானா? (ஸ்கார்பரோ)

சரியில்லை. பி.ஆர். விண்ணப்பம் நிலுவையில் இருப்பது உங்களுக்குத் தங்கும் உரிமையையும் தராது, வேலை செய்யும் உரிமையையும் தராது. அந்த இரண்டையும் தருவது வொர்க் பெர்மிட் மட்டும்தான். இதைத் தெரியாமல் பெர்மிட்டைக் காலாவதியாக விட்டுவிட்டு வருகிறவர்கள் இன்றும் நிறைய.

உங்களுக்கு வேண்டியது பிரிட்ஜிங் ஓப்பன் வொர்க் பெர்மிட், அதாவது பி.ஆர். முடிவு வரும்வரை எந்த முதலாளியிடமும் வேலை செய்ய விடும் இடைக்கால பெர்மிட். பி.ஆர். விண்ணப்பம் கிடைத்தது என்று ஐ.ஆர்.சி.சி. அனுப்பும் ஏற்புக் கடிதம் கையில் வந்த பிறகுதான் இதற்கு விண்ணப்பிக்க முடியும். எக்ஸ்பிரஸ் என்ட்ரி (புள்ளி அடிப்படையில் பி.ஆருக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் முறை) அழைப்பு வந்திருக்கிறது என்பது மட்டும் போதாது. கட்டணம் இரண்டு பகுதி: பெர்மிட்டுக்கு 155 டாலர், ஓப்பன் பெர்மிட் என்பதற்காகக் கூடுதலாக 100 டாலர். இரண்டாவதைக் கட்ட மறப்பது அடிக்கடி நடக்கும் தவறு. விண்ணப்பம் திரும்பி வருவதற்குள் பழைய பெர்மிட் முடிந்திருக்கும்.

பழைய பெர்மிட் முடிவதற்கு ஒரு நாள் முன்னால் போட்டிருந்தாலும், முடிவு வரும்வரை பழைய நிபந்தனைகளின்படி வேலை செய்யலாம். பெர்மிட்டில் ஒரு முதலாளியின் பெயர் இருந்தால் அதுவரை அவரிடம் மட்டும்தான். இந்த இடைக்காலத்தில் ஊருக்கு வந்தால் சிக்கல். பழைய பெர்மிட் முடிந்த பிறகு கனடாவை விட்டு வெளியேறினால் இடைக்கால வேலை உரிமை போய்விடும். திரும்ப உள்ளே விட்டாலும் புதிய பெர்மிட் வரும்வரை வேலைக்குப் போகக்கூடாது. கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் புதிய பெர்மிட் வந்த பிறகு தேதி குறியுங்கள்.

தேதியைத் தவறவிட்டவர்கள் அந்தஸ்து போன நாளிலிருந்து 90 நாளுக்குள் மீட்டுத் தரக் கேட்கலாம். அந்த விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது வேலை செய்யக்கூடாது.

ஹோட்டலில் மாதம் முழுக்க ஓவர்டைம். வாரம் 45 மணி நேரம் வருகிறது. ஒரு வருட அனுபவத்தை எட்டே மாதத்தில் முடித்துவிட முடியுமா? (பிராம்ப்டன்)

முடியாது. கனடாவில் வேலை பார்த்த அனுபவத்தை வைத்து பி.ஆர். தரும் கனேடியன் எக்ஸ்பீரியன்ஸ் கிளாஸ் என்ற வகை கேட்பது 1,560 மணி நேரம். வாரம் 30 மணிக்கு மேல் பார்த்தது கணக்கில் சேராது. எத்தனை ஓவர்டைம் பார்த்தாலும் 12 மாதம் ஆகியே தீரும். வாரம் 15 மணி நேரப் பகுதிநேர வேலை என்றால் 24 மாதம். முழுநேர மாணவராக இருந்தபோது பார்த்த வேலையும், சுயதொழிலும் இந்த வகைக்கு எடுபடாது.

ஆஃபர் லெட்டரில் "ஃபுட் சர்வீஸ் சூப்பர்வைசர்" என்று இருக்கிறது. ஆனால் நாள் முழுக்க காய் நறுக்குவதும் பாத்திரம் கழுவுவதும்தான். பி.ஆருக்கு இது செல்லுமா? (பிராம்ப்டன், அதே வாசகர்)

பதவிப் பெயரை அதிகாரி பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார். அன்றாடம் என்ன செய்தீர்கள் என்பதைத்தான் பார்ப்பார்.

கனடாவில் ஒவ்வொரு வேலைக்கும் என்.ஓ.சி. என்ற ஐந்து இலக்க எண் உண்டு. 2022 நவம்பரிலிருந்து எக்ஸ்பிரஸ் என்ட்ரி இந்த ஐந்து இலக்க முறையில் நடக்கிறது. இரண்டாவது இலக்கம் அந்த வேலைக்கு எவ்வளவு படிப்பும் பயிற்சியும் வேண்டும் என்ற நிலையைக் காட்டும். அது 0, 1, 2, 3 என்றால் எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்குச் செல்லும். 4, 5 என்றால் செல்லாது. ஃபுட் சர்வீஸ் சூப்பர்வைசர் 62020, செல்லும். குக் 63200, லாரி ஓட்டுநர் 73300, மருத்துவமனையில் நர்ஸ் எய்ட் 33102, இவையும் செல்லும். கிச்சன் ஹெல்ப்பர் 65201, வீட்டில் முதியோரைப் பார்த்துக்கொள்ளும் ஹோம் சப்போர்ட் வொர்க்கர் 44101, இரண்டும் செல்லாது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்கள் வேலை 65201.

முதலாளியிடம் கடைசியில் வாங்க வேண்டிய அனுபவக் கடிதம் இந்த இடத்தில்தான் உதைக்கும். நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில், கையொப்பத்தோடும் தொடர்பு விவரத்தோடும், பதவி, சேர்ந்த தேதி, வார மணி நேரம், ஆண்டுச் சம்பளம், செய்த வேலைகளின் பட்டியல் எல்லாம் அதில் இருக்க வேண்டும். என்.ஓ.சி. பக்கத்தில் உள்ள வரிகளை அப்படியே எடுத்து ஒட்டிய கடிதம் சந்தேகத்தைக் கிளப்பும். செய்யாத வேலையைச் செய்ததாக எழுதி வாங்கினால், பொய்த் தகவல் என்று ஐந்து ஆண்டுத் தடை விழலாம். இப்போதே முதலாளியிடம் பேசி உண்மையாகவே சமையல் அல்லது மேற்பார்வைப் பொறுப்புக்கு மாறுங்கள். பெர்மிட்டில் உள்ள வேலை எது என்பதையும் கவனித்து மாறுங்கள். செல்லும் வேலையில் உட்கார்ந்த நாளிலிருந்துதான் உங்கள் 12 மாதம் எண்ணப்படும்.

எல்.எம்.ஐ.ஏ. வாங்கித் தருகிறேன், 25 லட்சம் ஆகும், பி.ஆருக்கும் 50 புள்ளி கூடும் என்கிறார் ஏஜென்ட். கொடுக்கலாமா? (தஞ்சாவூர்)

வேண்டாம். எல்.எம்.ஐ.ஏ. என்பது உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்று காட்டி முதலாளி வாங்கும் அனுமதி. அதன் அரசுக் கட்டணம் ஒரு பணியிடத்துக்கு 1,000 டாலர். அதை முதலாளிதான் கட்ட வேண்டும், தொழிலாளியிடமிருந்து வசூலிக்கக்கூடாது. 50 புள்ளி கதையும் பழையது. வேலை வாய்ப்புக்கான கூடுதல் புள்ளிகள் 2025 மார்ச் 25 முதல் நீக்கப்பட்டுவிட்டன. விற்கப்பட்ட ஆஃபர் என்று தெரியவந்தால் பணத்தோடு விசா வாய்ப்பும் போகும்.

சட்டப்படி பணம் வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்லக்கூடியவர்கள் வழக்கறிஞர்கள் போன்ற பதிவுபெற்ற சட்டத் தொழிலினரும், உரிமம் பெற்ற குடிவரவு ஆலோசகர்களும்தான். ஆலோசகர்களின் பெயர்ப் பதிவேடு அவர்களுக்கு உரிமம் தரும் அமைப்பான சி.ஐ.சி.சி.யின் தளத்தில் இருக்கிறது. உங்கள் ஏஜென்டின் பெயரைத் தேடிப் பாருங்கள்.

எம்.இ. படிப்பு, சென்னையில் நாலு வருட அனுபவம், கனடாவில் ஒரு வருடம் முடிந்தது. வயது 30, திருமணமாகவில்லை. ஐ.இ.எல்.டி.எஸ். ஜெனரலில் ரைட்டிங் மட்டும் 6.5, மற்றவை சி.எல்.பி. (கனடாவின் மொழித்திறன் அளவுகோல்) 9. மறுபடி எழுதவா, இன்னொரு வருடம் பொறுக்கவா? (வாட்டர்லூ)

எக்ஸ்பிரஸ் என்ட்ரி புள்ளிகளைக் கணக்குப் போட்டே பார்ப்போம். வயதுக்கு 105, முதுகலைக்கு 135, மொழிக்கு 31, 31, 31, 23 சேர்த்து 116, கனடா அனுபவத்துக்கு 40. ஆக 396. படிப்பையும் வெளிநாட்டு அனுபவத்தையும் மொழியோடும் கனடா அனுபவத்தோடும் பொருத்தித் தரும் புள்ளிகளில் உச்சமான 100 உங்களுக்கு ஏற்கனவே வந்துவிட்டது. மொத்தம் 496.

ரைட்டிங்கில் 7 வாங்கினால் கூடுவது எட்டே எட்டு, 504. கனடா அனுபவமே இல்லாமல் சென்னையில் இருந்தபடி விண்ணப்பித்திருந்தால் அந்த அரை மதிப்பெண் உங்களுக்கு 58 புள்ளி: மொழிக்கு 8, படிப்புச் சேர்க்கைக்கு 25, அனுபவச் சேர்க்கைக்கு 25. அங்கே உயிரைக் கொடுத்து எழுதியிருக்க வேண்டிய தேர்வு, இங்கே அவ்வளவு முக்கியமில்லை. காத்திருப்பதிலும் பெரிய லாபமில்லை. இரண்டாம் வருடம் 13 தரும், 31 வயது ஆனதும் 6 போகும், நிகரம் 7.

2025-இல் கனடா அனுபவ வகைக்கான அழைப்புச் சுற்றுகளின் கட்-ஆஃப் 500-க்கு மேலேயே இருந்தது. எட்டும் ஏழும் சேர்ந்தாலும் உறுதி இல்லை. பிரெஞ்சில் நான்கு திறனிலும் 7-ஆம் நிலை வாங்கினால் கூடுதல் 50, இரண்டாம் மொழிக்கு 12, ஆக 62. பிரெஞ்சு தெரிந்தவர்களுக்குத் தனிச் சுற்றுகளும் உண்டு. ஆரம்பத்திலிருந்து கற்பவருக்கு ஓராண்டுக்கு மேலும் பிடிக்கும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. மாகாண நாமினேஷன் (ஒரு மாகாண அரசின் பரிந்துரை) கிடைத்தால் 600, அதோடு பிரச்சினை தீர்ந்தது. உடன்பிறந்தவர் கனடாவில் பி.ஆராகவோ குடிமகனாகவோ இருந்தால் 15 உண்டு, விட்டுவிடாதீர்கள். தேர்வு முடிவு இரண்டு ஆண்டுதான் செல்லும். அழைப்பு வந்த பிறகு முழு விண்ணப்பம் போட 60 நாள். அந்தக் கடைசி நாளிலும் முடிவு உயிரோடு இருக்க வேண்டும்.

மனைவிக்கும் வொர்க் பெர்மிட் கிடைக்குமா? நான் அங்கே குக். (கோயம்புத்தூர்)

இப்போதைய விதிப்படி கிடைக்காது. 2025 ஜனவரி 21 முதல், 0 அல்லது 1 நிலை வேலையில் இருப்பவரின் துணைக்கும், 2, 3 நிலைகளில் சில துறைகளில் மட்டும் வேலை பார்ப்பவரின் துணைக்கும் ஓப்பன் பெர்மிட் தருகிறார்கள். கட்டுமானம், மருத்துவம், அறிவியல்-தொழில்நுட்பம், கல்வி போன்றவை அந்தப் பட்டியலில் உண்டு. உணவகத் துறை இல்லை. தகுதியான வேலையில் இருப்பவருக்கும் விண்ணப்பிக்கும்போது தம் பெர்மிட்டில் குறைந்தது 16 மாதம் மீதி இருக்க வேண்டும். மனைவி விசிட்டராக வரலாம், வேலைக்குப் போகக்கூடாது.

வதிவிட விண்ணப்பம் போட்ட பிறகுதான் பதிவுத் திருமணம் செய்தேன். மனைவி யாழ்ப்பாணத்தில் இருக்கிறா. விண்ணப்பம் தாமதமாகுமெண்டு பயந்து அறிவிக்கேல்லை. பிறகு ஸ்பொன்சர் பண்ணலாம்தானே? (மார்க்கம்)

உடனே அறிவியுங்கள், இன்றைக்கே. கூட வராத மனைவி, பிள்ளைகளையும் விண்ணப்பத்தில் காட்டி, அவர்களுக்கும் மருத்துவப் பரிசோதனை செய்துவிட வேண்டும். மறைத்துவிட்டு வதிவிட உரிமை பெற்றவர், மறைத்த அந்த உறவைப் பிறகு குடும்ப வகையில் ஸ்பொன்சர் செய்ய முடியாது. விவாகரத்துக்குப் பின் முன்னாள் துணையுடன் வாழும் பிள்ளைக்கும் இதேதான். தாமதம் சில மாதங்கள்தான். விலக்கு வாழ்நாள் முழுக்க நீளலாம்.

பொலிஸ் சான்றிதழையும் சேர்த்துக் கவனியுங்கள். கடந்த பத்து ஆண்டில், 18 வயதுக்குப் பிறகு, தொடர்ந்து ஆறு மாதம் அல்லது அதற்கு மேல் வாழ்ந்த ஒவ்வொரு நாட்டுக்கும் அது வேண்டும். இலங்கையிலிருந்து வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டுக் கனடா வந்தவர் இரண்டு நாட்டுக்கும் எடுக்க வேண்டும். அந்த நாட்டை விட்டுக் கடைசியாக வந்த பிறகு எடுத்ததாக இருக்க வேண்டும். கனடாவுக்கு வேண்டியதில்லை. இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் கனடாவிலிருந்தே பி.எல்.எஸ். மையம் வழியாக வாங்கலாம்.

பெர்மிட் 2 வருடம் என்று கடிதத்தில் இருந்தது. டொராண்டோ விமான நிலையத்தில் 11 மாதம்தான் கொடுத்தார்கள். ஏன்? (மதுரை)

பாஸ்போர்ட் எப்போது முடிகிறது என்று பாருங்கள். அதைத் தாண்டி பெர்மிட் தர மாட்டார்கள். கிளம்பும் முன்பே பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துக்கொள்வது நல்லது. கவுன்டரை விட்டு நகரும் முன் பெயர், முதலாளி, முடிவுத் தேதி, கீழே உள்ள குறிப்புகள் எல்லாவற்றையும் படியுங்கள். மருத்துவப் பரிசோதனை செய்யாமல் வந்தவர்களுக்குக் குழந்தைகள் பராமரிப்பிலும் மருத்துவத் துறையிலும் வேலை செய்யக்கூடாது என்று அங்கேதான் அச்சாகியிருக்கும். 9-இல் தொடங்கும் சின் எண்ணும் (வேலைக்கு வேண்டிய சமூகக் காப்பீட்டு எண்) பெர்மிட் தேதியோடு காலாவதியாகும். பெர்மிட்டை நீட்டித்ததும் அதையும் புதுப்பியுங்கள்.

பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா முடிந்துவிட்டது, பெர்மிட் 2027 வரை இருக்கிறது. நான் சட்டவிரோதமாகத் தங்கியிருக்கிறேனா? (கால்கரி)

இல்லை. விசா உள்ளே வருவதற்கு. தங்குவதும் வேலை செய்வதும் பெர்மிட்டின் கீழ். வெளியே போனால்தான் திரும்பி வரப் புது விசா வேண்டும். கனடாவில் இருந்தபடியே ஆன்லைனில் விண்ணப்பித்துக்கொள்ளலாம்.

முதலாளி சம்பளத்தில் பாதியைப் பணமாகத் திருப்பிக் கேட்கிறார். கொடுக்காவிட்டால் பெர்மிட்டை ரத்து செய்துவிடுவேன் என்கிறார். (சர்ரே)

அவரால் ரத்து செய்ய முடியாது. வேலையை விட்டு நீக்கலாம், அவ்வளவுதான். நீக்கினாலும் பெர்மிட் அதன் தேதி வரை செல்லும், வேறு இடத்தில் வேலை செய்ய மட்டும் முடியாது. உங்களைப் போன்றவர்களுக்காகவே 2019 ஜூனிலிருந்து துன்புறுத்தலுக்கு ஆளான தொழிலாளர்களுக்கான ஓப்பன் பெர்மிட் இருக்கிறது. அதற்குக் கட்டணம் கிடையாது. மிரட்டும் வாட்ஸ்அப் செய்திகள், வங்கியில் சம்பளம் வந்த பதிவு, அதே நாளில் பணம் எடுத்த பதிவு, வருகைப் பட்டியலின் படம் ஆகியவற்றைச் சேர்த்து, நடந்ததை நீங்களே தேதிவாரியாக எழுதி இணையுங்கள். பே ஸ்டப் (சம்பளச் சீட்டு) எல்லாவற்றையும் வேலை போகும் முன்பே உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொள்ளுங்கள். அங்கே பார்த்த திறன்சார் வேலையின் மாதங்கள் பி.ஆர். கணக்கிலும் சேரும்.

வொர்க் பெர்மிட்டில் இருந்த காலம் குடியுரிமைக்குக் கணக்கில் வருமா? (ஒட்டாவா)

பாதியாக வரும். பி.ஆர். ஆவதற்கு முன் சட்டப்படி இருந்த ஒவ்வொரு நாளும் அரை நாள், அதிகபட்சம் 365 நாள் வரை. விண்ணப்பத்துக்கு முந்தைய ஐந்து ஆண்டுக்குள் மொத்தம் 1,095 நாள் வேண்டும். இரண்டு வருடம் பெர்மிட்டில் இருந்தவர் பி.ஆர். வாங்கிய பிறகு வெளிநாட்டுப் பயணம் இல்லாமல் இரண்டு வருடம் இருந்தால் எட்டிவிடலாம். வெளியே போன நாள், வந்த நாள் இரண்டையும் ஒரு பட்டியலில் இப்போதிருந்தே எழுதி வையுங்கள். பாஸ்போர்ட் முத்திரை எல்லா முறையும் விழாது.